ஒத்துக்கொண்டு அபராதம் கட்டும் முன் ஒரு நிமிடம்

கேள்வி இதுதான். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். 2023 மே மாதம் திருவிழா இரவில் பஸ் ஸ்டாண்ட் அருகே கைகலப்பு. அப்போது 21 வயதான மகன் உட்பட நான்கு பேர் மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) ஆகிய பிரிவுகளில் வழக்கு. மகனுக்கும் அடி, புருவத்தில் நான்கு தையல். அவன் கொடுத்த புகாருக்கு மனு ரசீது மட்டும்தான் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை போட்டிருக்கிறார்கள், சம்மன் இப்போதுதான் வந்திருக்கிறது. நடுவில் பையன் இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். இந்தப் பிரிவுகளுக்கு என்ன அர்த்தம், எப்படி வாதாடுவது, அப்புறம் பெயரை அழிக்க முடியுமா?

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பழைய வழக்கை அழித்துத் தரச் சொல்லி மனுப் போடலாம். இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி சில தண்டனைகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் காலாவதியாகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டுத்தான் "எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள்" என்கிறார்கள். நம் நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. வழக்கு எந்த வார்த்தையில் முடிகிறதோ, அந்த வார்த்தைதான் காலத்துக்கும் கூட வரும். ஆகவே பெயரைக் காப்பாற்றும் வேலையை வழக்கு நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

சரி, பிரிவுகள். 294(பி) என்பது பொது இடத்திலோ அதன் அருகிலோ பிறருக்கு எரிச்சல் உண்டாகும்படி ஆபாச வார்த்தை பேசுவது. அதிகபட்சம் 3 மாதம் சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். 323 என்பது வேண்டுமென்றே சாதாரணக் காயம் ஏற்படுத்துவது. அதற்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 506(1) மிரட்டல், 2 வருடம் வரை. இதில் கொலை இல்லை, ஆயுதம் இல்லை, கொடுங்காயம் இல்லை. "கேஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயில் வாசல் கண்ணுக்குத் தெரியும், அந்தப் பயம் இங்கே வேண்டாம். உங்கள் மகனுக்கு உண்மையான ஆபத்து சிறை அல்ல. தீர்ப்பு என்று வரப்போகும் ஒரு தாளில் என்ன எழுதியிருக்கும் என்பதுதான் ஆபத்து.

தமிழ்நாட்டில் எந்தத் தெருச்சண்டையின் எஃப்.ஐ.ஆரைப் பிரித்தாலும் இந்த மூன்றும் மூன்று சக்கர வண்டி மாதிரி சேர்ந்தே வரும். இதற்கு ஒரு காரணம் உண்டு. 323 மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் போலீஸ் அதைப் புலன்விசாரணை செய்ய முடியாது. 294(பி) அப்படியல்ல, நிலையத்திலேயே நேரடியாக வழக்குப் பதியலாம். அப்படிப்பட்ட பிரிவு ஒன்று உள்ளே வந்துவிட்டால் மற்றதையும் சேர்த்தே விசாரிக்கலாம். அதனால்தான் எந்தப் புகாரிலும் "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி" என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. சண்டையில் வாயே திறக்காத ஆள்மேலும் அந்த வரி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வண்டியில் பலவீனமான சக்கரமும் இதுவே. வசைச் சொற்கள், அவமானப்படுத்தும் சொற்கள் மட்டும் இருந்தால் 294(பி) ஆகிவிடாது என்று 2022-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேசிய வார்த்தை என்ன, அது ஆபாசமா, யாருக்கு எரிச்சல் உண்டானது என்பதெல்லாம் சாட்சியத்தில் வர வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இப்போது இதே சண்டை நடந்தால் எஃப்.ஐ.ஆரில் 296(பி), 115(2), 351(2) என்று இருக்கும். சம்பவம் 2023-ல் நடந்தது, குற்றப்பத்திரிகையும் அந்தத் தேதிக்கு முன்பே போயிருக்கிறது, எனவே உங்கள் வழக்கு ஆவணக் கட்டில் பழைய எண்கள்தான் இருக்கும். புது எண்ணைப் பார்த்துவிட்டு யாராவது "தண்டனை கூடிவிட்டது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பின்னால் வந்த சட்டத்தை வைத்து முன்னால் நடந்ததற்குக் கூடுதல் தண்டனை தர முடியாது.

இனி அந்த "ஒரே நாள்" யோசனைக்கு வருகிறேன். அது எப்படி நடக்கும் என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும். காலை பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். நான்கு பையன்களும் கூண்டுப் பக்கம் கைகட்டி நிற்பார்கள், ஸ்வெட்டரைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டு. குற்றச்சாட்டின் சாரத்தை வாசித்துவிட்டு, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். பின்னாலிருந்து யாரோ "ஆமான்னு சொல்லு" என்று கிசுகிசுப்பார். "ஒப்புக்கொள்கிறேன் ஐயா." அவன் சொன்னது முடிந்தவரை அவன் வார்த்தையிலேயே பதிவாகும். கையெழுத்து. ஆளுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ அபராதம். கட்டினால் ரசீது. பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் டீக்கடையில் வர்க்கி சாப்பிட்டுக்கொண்டு, "இவ்வளவுதானா!" என்று சிரிப்பார்கள்.

அந்த ரசீது வெறும் அபராத ரசீது அல்ல, குற்றவாளி என்ற தீர்ப்பு. நூறு ரூபாய் கட்டினாலும் அது தண்டனைதான். சிறைக்குப் போகவில்லையே என்பது கணக்கில் வராது. இன்னொன்றும் உண்டு. ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனைக்கு எதிராக "நான் குற்றம் செய்யவில்லை" என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவு, சட்டப்பொருத்தம் பற்றி மட்டும் பேசலாம். இப்படிக் கட்டிவிட்டு மூன்று, நான்கு வருடம் கழித்து வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற பையன்களை வருடத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. லோக் அதாலத் நாளில் பெட்டி கேஸ் எனும் சிறு வழக்குகளை மொத்தமாக முடிக்கும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். அது சமரசமா, ஒப்புதலா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

காவலர் வேலை என்பதால் உங்கள் மகன் விஷயம் இன்னும் கறார். மற்ற வேலைகளுக்கு "தண்டனை உண்டா" என்பதுதான் பெரிய கேள்வி. காவலர் தேர்வுக்கான பணி விதியில், போலீஸ் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்றே இருக்கிறது. அதன் விளக்கத்தில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னதால்) விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கு பின்னால் கௌரவமான விடுதலையில் முடிந்தால், அல்லது போலீஸே "பொருண்மைப் பிழை" (புகார் தவறான தகவலின் மேல் எழுந்தது) என்று முடித்துவிட்டால், அவர் சம்பந்தப்படாதவராகக் கருதப்பட்டு அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-லேயே இந்த விதியை ஏற்றுக்கொண்டுவிட்டது. பளிச்சென்று சொல்வதானால், வழக்கு நிலுவையில் இருக்கும்போது இந்தத் தேர்வில் உத்தரவு வருவது கடினம். அடுத்த தேர்வுக்கு வயது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குள் வழக்கைச் சரியான வார்த்தையில் முடிப்பதுதான் வழி.

இதனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு குறுக்குவழியும் அடைபடுகிறது. எதிர்த் தரப்பைப் பார்த்து, பெரியவர்களை வைத்துப் பேசி, சாட்சி சொல்லும் நாளில் "எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை" என்று சொல்ல வைப்பார்கள். படுகர் ஊரான ஹட்டியில் என்றாலும் லைனில் என்றாலும் இதுதான் நடக்கிறது. விவசாயம் செய்கிறவனுக்கும் டிரைவர் வேலை பார்க்கிறவனுக்கும் அந்த விடுதலை போதும். காவலர் வேலைக்குப் போகிறவனுக்கு அதுவே முட்டுக்கட்டை, ஏனென்றால் "பிறழ் சாட்சி" என்ற சொல் தீர்ப்பிலேயே ஏறிவிடும். முறைப்படி சமரசம் செய்துகொண்டால் என்ன என்று கேட்பீர்கள். 323-ஐயும் 506(1)-ஐயும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மாஜிஸ்திரேட் முன்பே சமரசம் செய்யலாம், அதற்கு விடுதலைக்குச் சமமான பலன் உண்டு. 294(பி) சமரசப் பட்டியலில் இல்லை. இரண்டு சக்கரம் கழன்றாலும் மூன்றாவது ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் சேர்த்து முடிக்க உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்போது வாதம். உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: புருவத்தில் நான்கு தையல். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

அடிதடி என்று அரசு மருத்துவமனைக்குப் போனால் டியூட்டி டாக்டர் முதலில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் எல்லோரும் சொல்வது அதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தது, எத்தனை பேர் அடித்ததாகச் சொன்னார், கையாலா கட்டையாலா, தெரிந்த நபரா தெரியாத நபரா, காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாம் அதில் இருக்கும். போலீஸுக்குப் போகும் முன், யாரும் யோசனை சொல்லும் முன், வலியோடு சொன்ன முதல் வார்த்தை அது. பல வருடம் முன் நான் நடத்திய வழக்கு ஒன்றில் எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர், இரும்புக் கம்பி, கீழே தள்ளி மிதித்தார்கள் என்றிருந்தது. ஏ.ஆர். காப்பியில் நீலப் பேனாவில் ஒரே வரி: தெரிந்த ஒரு நபர், கையால். காயம் இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பு. குறுக்கு விசாரணையில் டாக்டரிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. மூன்றாவது கேள்வி, ஐந்து பேர் மிதித்த ஆளுக்கு முதுகிலோ வயிற்றிலோ ஒரு கன்றலாவது பார்த்தீர்களா என்பது. "இல்லை" என்றார். மற்ற நான்கு பேரும் அங்கேயே வெளியே வந்துவிட்டார்கள், சந்தேகத்தின் பலன் என்ற சொல் இல்லாமல்.

ஆகவே இரண்டு ஏ.ஆர். காப்பி வேண்டும். எதிர்த் தரப்புடையது குற்றப்பத்திரிகையோடு வந்திருக்கும். குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலங்கள், மருத்துவச் சான்று என அரசுத் தரப்பு நம்பும் ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் இலவசமாகத் தர வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. கட்டு கைக்கு வராமல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் மகனுடையதை அவன் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் அவனே எழுதிக் கேட்கலாம். தரத் தயங்கினால் பதிவேட்டையே வரவழைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

இரண்டாவது ஆயுதம் அந்த மனு ரசீது. இரண்டு தரப்பிலும் அடி, இரண்டு தரப்பிலும் புகார் என்றால் இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாடு காவல் நிலை ஆணை 588ஏ சொல்வது இதைத்தான். உங்கள் மகன் புகார் கொடுத்த தேதி, நேரம், எண் எல்லாம் ரசீதில் இருக்கும். அதைத் தொடாமலே ஒரு பக்கம் மட்டும் குற்றப்பத்திரிகை போட்டிருந்தால், புலன்விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி தயாராக இருக்கிறது. எதிரியின் (கோர்ட் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) உடம்பில் இருந்த காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால் அதன் கதையையே நீதிமன்றம் சந்தேகிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976 முதல் சொல்லிவருகிறது. சிராய்ப்புக்கெல்லாம் அது எடுபடாது, தையல் போட்ட காயம் என்றால் பேசிப் பார்க்கலாம்.

இதை ஒட்டியதுதான் தற்காப்பு. அடிக்க வருகிறவனைத் தடுக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்துவது குற்றமே அல்ல. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை, புதியதில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. தற்காப்பை எதிரிதான் காட்ட வேண்டும். ஆனால் அரசுத் தரப்பு போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். அவன் கூண்டேறிச் சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இல்லை, அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே வரவழைக்கலாம். ஒரு எச்சரிக்கை: "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்றும் "தற்காப்புக்காகத் தள்ளினேன்" என்றும் ஒருசேரச் சொல்ல முடியாது. நான்கு பையன்களும் ஆளுக்கொரு கதை சொன்னால் நான்கு கதையும் கெட்டுவிடும். வக்கீலிடம் முதல் நாளே நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். முதல் அடி உங்கள் பையன் அடித்ததாக இருந்தாலும் சரி.

உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பது இன்னொரு பாதை. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 528. நீலகிரிக்குச் சென்னை, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை. புகாரில் உள்ளதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகவில்லை என்பது ஒரு காரணம். உங்கள் வழக்கில் 294(பி)-க்கு அது பொருந்தக்கூடும். வாய்ச்சவடாலுக்கு மேல் ஒன்றுமில்லை என்றால் 506(1)-க்கும் பொருந்தலாம். 323-க்கு நேரடிச் சாட்சி இருந்தால் "அதை விசாரணையில் பார்த்துக்கொள்" என்று அனுப்பிவிடுவார்கள். இரு தரப்பும் சமாதானமாகிவிட்டது என்பது மற்றொரு காரணம். தனிப்பட்ட சண்டையாக இருந்தால், சமரசப் பட்டியலில் இல்லாத பிரிவையும் அந்த அடிப்படையில் ரத்து செய்யலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கமாக இரண்டு தரப்பும் நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, நேற்று அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஹைகோர்ட்டுக்குப் போன கதையும் எனக்குத் தெரியும். சமரசத்தால் ரத்தான வழக்கைக் காவலர் தேர்வில் தானாகவே மன்னித்துவிடுவார்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். அங்கே மறுபடி வாதாட வேண்டியிருக்கலாம். உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்வது, விசாரணையை நடத்தி ஜெயிப்பது. சாட்சியம் அவன் பக்கம் இருப்பதாகத் தெரிகிறது.

விசாரணை என்றால் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆள் வர வேண்டும், முடியாத நாளில் வராததைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டு வக்கீல் 317 மனுப் போடுவார். மழையில் பாதை சரிந்தது, பஸ் வரவில்லை என்பதெல்லாம் நம் ஊர் நீதிபதிகளுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை, ஆனால் மனு இருக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் பிடிவாரண்ட் போடுவார்கள், அது தனியாக ஒரு கறை. 294(பி), 323 இரண்டும் ஜாமீனில் விடத்தக்கவை, ஜாமீன் அங்கே உரிமை. சொந்த நிலம் இல்லாத லைன் வீட்டுக் குடும்பங்கள் ஜாமீன்தாரருக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட வழக்கில் ஜாமீன்தாரர் கொடுக்க வசதியில்லாதவரை அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சட்டம் சொல்கிறது. கைதாகி ஒரு வாரமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் வசதியில்லாதவர் என்றே கருத வேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிக் குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

ஒருவேளை தோற்றுவிட்டால்? 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முதல் குற்றம், சிறிய குற்றம் என்றால் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணை வாங்கியோ விடலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. குற்றவாளி என்ற முடிவு மட்டும் அப்படியே நிற்கும், அதனால் இது கடைசிப் படி. மேல்முறையீடு மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில், 30 நாளுக்குள்.

வழக்கு நல்லபடி முடிந்த பிறகும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவது அங்கேதான். தீர்ப்பன்றே காப்பி அப்ளிகேஷன் போட்டுச் சான்றிட்ட நகல் மூன்று, நான்கு வாங்கி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடும்ப அட்டை இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள், லைன் வீட்டில் ஈரம் சும்மா விடாது. அடுத்து, போலீஸ் கணினியில் அந்த எஃப்.ஐ.ஆர் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். விடுதலையாகி இரண்டு வருடம் ஆகியும் "விசாரணையில் உள்ளது" என்றே நிற்கும். கம்பெனிக்காரர்கள் கேட்கும் சரிபார்ப்பில் வருவது அந்த வரிதான். தீர்ப்பு நகலை இணைத்து நிலைய ஆய்வாளருக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதிப் பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும். பதில் இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். போலீஸே முடித்துவிட்ட வழக்கு என்றால், அந்த முடிவறிக்கையின் நகலையும் மாஜிஸ்திரேட் அதை ஏற்ற உத்தரவையும் வாங்குங்கள். கைரேகை, புகைப்படம் எடுத்திருந்தால் 2022-ஆம் ஆண்டின் அடையாளச் சட்டப்படி அவை 75 வருடம் இருக்கும். முன்தண்டனை இல்லாதவர் விடுதலையாகி, மேல்முறையீடும் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அவற்றை அழித்தாக வேண்டும். சட்டத்தில் "அழி" என்ற சொல் வரும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. இன்னொன்று சிறார் சட்டம்: 18 வயதுக்குள் நடந்த தவறு தகுதியிழப்பு ஆகாது, பதிவுகளும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும். மிகக் கொடிய குற்றங்களுக்கு விலக்கு உண்டு.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து பெயரை எடுப்பது இன்னும் முடியாத கதை. விடுதலையான ஒருவர் கேட்டபோது 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது, அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

பாஸ்போர்ட்டுக்கு வழக்கு நிலுவையில் இருப்பது மொத்தத் தடை அல்ல. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் கிடைக்கும், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் "வழக்கு உண்டா" என்ற கட்டம் வந்தால் உண்மையை எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால், வழக்கு சின்னதா பெரிதா என்பதைவிட மறைத்ததுதான் பெரிதாகும். சின்ன வழக்கை மறைத்ததை மன்னிக்க 2016 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வேலை கொடுப்பவருக்கு இடம் விட்டிருக்கிறது, ஆனால் அது அவர் மனம் வைத்தால்தான்.

மலையில் இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: வனத்துறை வழக்கு. கூடலூர், மசினகுடி, கொடைக்கானல் மேல்மலைப் பக்கமெல்லாம் இதுதான் அதிகம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பலருக்குத் தெரியும், அதே நினைப்பில் வனத்துறையிடமும் எதற்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறார்கள். வன அதிகாரி இந்த விஷயத்தில் போலீஸ் அதிகாரி அல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி உதவி வனப்பாதுகாவலர் தகுதிக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற அதிகாரி எதிரியின் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் கோர்ட்டில் எடுபடும். வீட்டில் இறைச்சியோ கொம்போ கிடைத்தால், அது சட்டப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பும் வைத்திருந்தவர் மேல்தான். மறுபக்கம், வேட்டை மாதிரி இல்லாத சிறிய மீறல்களை வனத்துறையிலேயே இணக்கக் கட்டணம் கட்டி முடிக்கலாம். அப்படி முடிந்தால் மேல் நடவடிக்கை கிடையாது, அது கோர்ட் தண்டனையும் ஆகாது. கோர்ட்டில் கட்டும் அபராதமும் இதுவும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், பலன் நேர் எதிர். தேன் எடுக்கப் போன குறும்பர், காட்டுநாயக்கர் மேல் வழக்கு என்றால் கட்டணம் கட்டும் முன் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். சிறு வனப் பொருள் சேகரிப்பது அங்கே அவர்களுக்கு உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் மகனுக்கு இப்போது செய்ய வேண்டியது: சம்மனில் உள்ள தேதிக்கு நால்வரும் போக வேண்டும், நகல் கேட்க வேண்டும், கேள்வி கேட்டால் "குற்றத்தை மறுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் வீட்டில் அந்த மனு ரசீதைத் தேடி எடுங்கள். மை மங்கியிருக்கும், இன்றே இரண்டு ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். தையல் போட்ட அன்று மருத்துவமனையில் கொடுத்த சீட்டு கிடைத்தால் அதையும். கிடைக்காவிட்டால் அவன் போன தேதியும் ஏறக்குறைய நேரமும் போதும், பதிவேட்டில் தேடிவிடலாம்.